மாடித்தோட்ட மண்ணை ஹாலுக்குள் கொண்டுவராதீர்கள்

மான்ஸ்டெரா, அந்தூரியம், கலாத்தியா மாதிரி செடிகளை வாங்கி வீட்டுக்குள் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், செடி வாங்கும் முன்பே அதை எந்த மண்கலவையில் வைக்கப்போகிறோம் என்பதை முடிவு செய்துவிடுங்கள். இந்த ஒரு வரியை எனக்கு யாரும் சொல்லவில்லை. செடிகள், தொட்டிகள், ஆன்லைனில் வாங்கிய 'இண்டோர் மிக்ஸ்' பாக்கெட்டுகள், அப்புறம் செடி வாடுவதைப் பார்த்துப் பயந்து வாங்கிய மருந்துகள் என்று எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய்க்கு மேல் போனது. பணம் போனதைவிட, தளதளவென்று வந்துகொண்டிருந்த செடிகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகிச் சாய்வதைத் தினமும் பார்த்துக்கொண்டு, காரணம் என்னவென்றே தெரியாமல், கேட்கவும் சரியான ஆள் கிடைக்காமல் இருந்ததுதான் பெரிய வேதனை. காலையில் எழுந்து ஹாலுக்கு வரவே பயமாக இருக்கும், இன்றைக்கு எது போயிருக்கிறதோ என்று. அதனால் எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீடு சென்னையில் மடிப்பாக்கம் பக்கம், இரண்டாவது மாடி. ஹால் ஜன்னல் வடக்குப் பார்த்தது, வெளிச்சம் வரும், வெயில் வராது. இதை முதலிலேயே சொல்லக் காரணம், ஒரு கலவை நல்லதா இல்லையா என்பதில் செடிக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு அது நிற்கும் இடத்துக்கும் உண்டு. செடிகள் வாங்கிய நர்சரியிலேயே தொட்டி மாற்றித் தருகிறோம் என்றார்கள். செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. "எல்லாச் செடிக்கும் இதுதான் மேடம், தாராளமா வைக்கலாம்" என்றார் அங்கே இருந்தவர். மாடித்தோட்டம் போடும் எல்லோருக்கும் தெரிந்த அதே கணக்குதான். மாடியில் அது அருமையான கலவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மொட்டை மாடி வெயிலில் கத்தரிக்கும் தக்காளிக்கும் காலையில் ஊற்றிய தண்ணீர் சாயங்காலத்துக்குள் போய்விடும், அங்கே ஈரத்தைப் பிடித்து வைக்கிற மண்தான் வேண்டும். அதே மண் வெயில் படாத ஹாலில், காற்று ஓடாத மூலையில், மழைக்காலத்தில் இரண்டு வாரம் ஆனாலும் உள்ளே காயாது. மேலே மட்டும் வெளுத்து, காய்ந்த மாதிரி தெரியும்.

ஐப்பசி மழை பிடித்ததும் ஆரம்பித்தது. முதலில் அந்தூரியத்தின் கீழ் இலைகள் மஞ்சளாகின. அப்புறம் அக்லோனிமா தண்டோடு கொழகொழவென்று ஆனது. மான்ஸ்டெராவின் புது இலை விரியாமலே கருகியது. கேட்ட இடமெல்லாம் ஒவ்வொரு பதில். ஒருவர் தண்ணீர் அதிகம் என்றார், இன்னொருவர் பத்தவில்லை என்றார், மூன்றாமவர் உரம் போடு என்றார். தொட்டியில் கை வைத்தால் மேல் மண் உலர்ந்திருக்கும், இலை தொங்கும், சரி தாகம்தான் என்று ஊற்றினால் மறுநாள் இன்னும் தொங்கும். இது எதனால் என்று பிறகுதான் புரிந்தது. வேர் அழுகிவிட்டால் அதனால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. தொட்டி முழுக்க ஈரம் இருந்தும் இலைக்குத் தண்ணீர் போகாது, அதனால் தாகத்தில் வாடுகிற மாதிரியே வாடும். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுதான். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரே வழி, ஒரு நீளமான மூங்கில் குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகிக் கொஞ்ச நேரம் விட்டு எடுப்பது. அடிப்பக்கம் ஈரமாக வந்து, இலையும் தொங்கினால் இன்னும் தண்ணீர் ஊற்றாதீர்கள், செடியைத் தொட்டியிலிருந்து கழற்றி வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ கெட்டியாக இருக்கும். நான் கழற்றியபோது சாக்கடை வாடை வந்தது, பழுப்பான வேரை விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் மட்டும் உருவிக்கொண்டு வந்து உள்ளே நூல் மாதிரி ஒன்று மிஞ்சியது. அதற்குள் அந்தூரியத்தைக் காப்பாற்ற ஒன்றும் மீதம் இல்லை. அன்றைக்கு அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் எந்தக் கலவையைப் பார்த்தாலும் நீங்களே எடைபோட முடியும், அதனால் இதற்கு ஒரு நிமிடம் கொடுங்கள். தரையில் ஊற்றும் தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டே போகும். தொட்டியில் அடி வந்ததும் நின்றுவிடும். ஓட்டை இருந்தாலும், மண்ணின் நுண்ணிய இடைவெளிகள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அடியில் ஒரு பட்டை உயரத்துக்கு ஈரம் தேங்கித்தான் நிற்கும். பாத்திரம் தேய்க்கும் புது ஸ்பாஞ்சை நன்றாக நனைத்து, படுக்கை வாட்டத்தில் கையில் பிடியுங்கள். சொட்டுவது நின்ற பிறகு அதையே செங்குத்தாகத் திருப்புங்கள், மறுபடி சொட்டும். தொட்டி மண்ணும் இதே வேலையைத்தான் செய்கிறது, அதனால்தான் அகலமான குட்டைத் தொட்டியைவிட உயரமான தொட்டியில் வேருக்குக் காற்று அதிகம் கிடைக்கிறது. துகள் எவ்வளவு பொடியாக இருக்கிறதோ அவ்வளவு உயரத்துக்கு அந்த ஈரப் பட்டை இருக்கும். துகள் பெரிதானால் பட்டை கீழே இறங்கும். தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவுவது காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு மெதுவானது, ஆகவே இடைவெளிகளெல்லாம் தண்ணீரால் அடைபட்டால் வேர் மூச்சுத் திணறிச் சாகிறது. அதன் பிறகுதான் பித்தியம் போன்ற அழுகல் நோய்க்கிருமிகள் வந்து வேலையை முடிக்கின்றன. நான் முதலில் மருந்துக்குச் செலவழித்த பணமெல்லாம் இரண்டாவதாக வந்த ஆளைத் துரத்தப் போனது.

இதோடு சேர்ந்த ஒரு விஷயம். தொட்டி அடியில் ஒரு அடுக்கு ஜல்லியோ கூழாங்கல்லோ போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். வடியாது. பொடி மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது, மண் முழுக்க நனைந்து நிறைந்த பிறகுதான் இறங்கும். அதனால் அந்த ஈரப் பட்டை கல்லுக்கு மேலே ஏறி நிற்கும், அதாவது வேருக்கு இன்னும் பக்கத்தில். ஓட்டை வழியாக மண் கொட்டாமலிருக்க ஒரு ஓட்டுச்சில்லு அல்லது கொசுவலைத் துண்டு போதும். கல்லைப் போடத்தான் வேண்டும் என்றால் கலவை முழுக்கக் கலந்து போடுங்கள்.

செம்மண்ணைக் கைவிட்ட பிறகு, உள்ளறைச் செடிகளுக்கென்றே தயாரித்தது என்று போட்டிருந்த பாக்கெட்டுகளை ஆன்லைனில் வாங்கினேன். 5 கிலோ பாக்கெட் 450 ரூபாய் சொச்சம். பிரித்தால் சொட்டச் சொட்ட ஈரம், கறுப்பாக, பார்க்க வளமாகத் தெரிந்தது. பக்கெட்டில் கொட்டினால் ஒரு பக்கெட்கூட நிரம்பவில்லை. கோகோபீட், அதாவது தேங்காய் நார்த் தூள், தன் எடையைப்போல் எட்டு மடங்கு தண்ணீரைக் குடிக்கும், ஆகவே எடைக் கணக்கில் விற்கும் பாக்கெட்டில் நாம் தண்ணீருக்குத்தான் பெரும்பாலும் காசு கொடுக்கிறோம். காய்ந்த கோகோபீட் கட்டி 5 கிலோ வாங்கி ஊற வைத்தால் அது 60, 70 லிட்டர் வரை உப்பும். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. மண்கலவையை லிட்டர் கணக்கில் சொல்லி விற்பவரிடம் வாங்குங்கள். அதில் என்னென்ன எந்த அளவில் இருக்கிறது என்று எழுதாத பாக்கெட்டைத் தொடாதீர்கள். நான் வாங்கியதில் இருந்தது மாவு மாதிரி கோகோபீட்டும் மண்புழு உரமும், அங்கங்கே வெள்ளை மணிகளும். அந்த வெள்ளை மணிகளைப் பார்த்து பெர்லைட் என்று நம்பினேன். விரலால் நசுக்கிப் பாருங்கள், பெர்லைட் என்றால் நொறுங்கி வெள்ளைப் பொடியாகும், ஏனென்றால் அது எரிமலைக் கண்ணாடியைச் சூட்டில் பொரித்து எடுப்பது. அமுங்கி மறுபடி எழும்பினால் அது தெர்மாகோல். எனக்கு வந்தது தெர்மாகோல். இன்னொரு குழப்பம் வெர்மிகுலைட். பொன்னிறத்தில் பளபளவென்று அடுக்கடுக்காக இருக்கும், பெயரும் கிட்டத்தட்ட அதே மாதிரி ஒலிப்பதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். அது தண்ணீரைப் பிடித்து வைக்கும் பொருள், விதை முளைக்க வைக்க நல்லது. காற்றோட்டத்துக்காக பெர்லைட் கேட்டுவிட்டு அதை வாங்கி வந்தால் நினைத்ததற்கு நேர் எதிரானது நடக்கும்.

அந்தப் பாக்கெட் கலவையில் வைத்த செடிகளில் அழுகல் கொஞ்சம் மெதுவாக வந்தது, ஆனால் இலை நுனிகள் கருகத் தொடங்கின. கலாத்தியாவுக்கு எல்லா இலையின் ஓரமும் பழுப்பு. இங்கேதான் உப்பு விஷயம். தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியம், சோடியம், குளோரைடு உண்டு, கடலோர ஊர்களில் உப்புத் தண்ணீரில் மட்டையை ஊறப்போட்டு நார் எடுத்தால் அது இன்னும் கூடும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஏற்றுமதிக்குப் போகும் கட்டிகளை நல்ல தண்ணீரில் கழுவி, 'லோ இ.சி.', அதாவது உப்பு குறைவு, என்று குறித்தே விற்கிறார்கள், இன்னும் ஒரு படி மேலே போய் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து சோடியத்தை வெளியேற்றியதும் உண்டு. கழுவாத கட்டி விலை குறைவு, மலிவான கலவைகளில் வருவது எது என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். பேனா 300 ரூபாய்க்குள் கிடைக்கும், ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோகோபீட்டை ஊறவைத்துப் பிழிந்த தண்ணீரில் அதை வைத்துப் பாருங்கள். என்னுடைய முதல் கட்டியில் 1,400க்கு மேல் காட்டியது. ஊறவைத்து, பிழிந்து, மறுபடி ஊறவைத்து, அளவு 300 பக்கம் வரும்வரை கழுவ வேண்டும். ஆனால் எங்கள் போர் தண்ணீரே 900 காட்டும், அதில் எத்தனை தடவை கழுவினாலும் 900க்குக் கீழே எப்படி வரும்? கடைசிக் கழுவலை மெட்ரோ தண்ணீரிலோ மழைத் தண்ணீரிலோ செய்யுங்கள். சென்னையில் மழைக்கா பஞ்சம், கார்த்திகையில் மொட்டை மாடியில் நாலு பக்கெட் வைத்தால் போதும்.

எனக்கு வழி காட்டியது எந்தக் கடையும் இல்லை, எங்கள் பிளாட்டிலேயே மேல்மாடியில் இருக்கும் திருச்சூர் சேச்சி. குப்பைத் தொட்டிப் பக்கம் நான் செத்த செடிகளைக் கொட்டுவதைப் பார்த்துவிட்டு, கூப்பிட்டு அவர் வீட்டு பால்கனியைக் காட்டினார். அந்தூரியம் வரிசையாகப் பூத்துக்கொண்டிருந்தது. தொட்டிக்குள் மண்ணே இல்லை. தேங்காய் மட்டைத் துண்டு, உடைத்த செங்கல், மரக்கரி, அவ்வளவுதான். "இது மரத்துமேல தொத்தி வளர்ற ஜாதி மா, இத கொண்டுபோய் சேத்துல நட்டா என்ன பண்ணும்?" என்றார். கேரளத்தில் வீட்டுக்கு வீடு அந்தூரியம் வளர்ப்பது இப்படித்தானாம். எங்கேயோ வெளிநாட்டு பைன் பட்டையை ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வரவழைக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பொருளுக்கு மாற்று நம் ஊர்க் கொல்லையிலேயே கிடந்தது. அன்றைக்கு சேச்சி கொடுத்த அந்தூரியக் கன்று இன்றும் நன்றாக இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு செடியும் அதன் சொந்த ஊரில் எங்கே நிற்கிறது என்று தேடிப் படித்தேன், கலவையை அதை வைத்தே முடிவு செய்கிறேன். மான்ஸ்டெரா தெற்கு மெக்சிகோவிலிருந்து பனாமா வரையிலான காடுகளில் மரத்தைப் பிடித்து ஏறுவது. கடையில் கிடைக்கும் பெரும்பாலான அந்தூரியங்கள் கொலம்பியா, ஈக்வடார் பக்கத்துக் காடுகளிலிருந்து வந்த இனத்தின் கலப்பினங்கள். இவற்றின் தடித்த வேர்கள் பட்டையிலும் பாசியிலும் மக்கிய இலையிலும் ஒட்டிக்கொண்டு, மழையில் நனைந்து, உடனே காற்றில் உலர்ந்து பழகியவை. கலாத்தியா அதே அமெரிக்கக் கண்டத்துக் காட்டின் தரையில், நிழலில், இலைமக்கில் வளர்வது, வேர் மெலிது, முழுக்கக் காய்ந்தால் தாங்காது. ஸ்நேக் பிளான்ட் மேற்கு ஆப்பிரிக்கா, இசட்.இசட். பிளான்ட் கிழக்கு ஆப்பிரிக்கா, இரண்டும் மண்ணுக்கடியில் கிழங்கிலும் தண்டிலும் தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொண்டு வறட்சியைத் தாண்டுபவை. இந்த மூன்று வகைகளையும் ஒரே கலவையில் வைத்து 'இண்டோர்' என்று பெயர் கொடுப்பதே தவறு என்பது என் கருத்து.

இப்போது நான் கலப்பதைச் சொல்கிறேன். எல்லாமே மக் கணக்கு, எடை பார்ப்பதில்லை. மான்ஸ்டெரா, ஃபிலோடென்ட்ரான், அந்தூரியம் வகைகளுக்கு 4 மக் தேங்காய் மட்டைத் துண்டு, 2 மக் கழுவிய கோகோபீட், 2 மக் பெர்லைட், 1 மக் மரக்கரி, 1 மக் சலித்த மண்புழு உரம். அந்தூரியத்துக்கு கோகோபீட்டைப் பாதியாகக் குறைத்து மட்டைத் துண்டைக் கூட்டிக்கொள்வேன். மட்டைத் துண்டு ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது, ஒரு ராத்திரி ஊறவைத்து அந்தப் பழுப்புத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், அதிலும் உப்பு உண்டு. மரக்கரிக்கு அலைய வேண்டாம், கரிப்பெட்டி வைத்து இஸ்திரி போடுகிறவரிடம் கேட்டால் எங்கே வாங்குகிறார் என்று சொல்வார். பட்டாணி அளவுக்கு உடைத்து, பொடியைக் கழுவிவிட்டுப் போடுங்கள். மாவு பிசைந்து அச்சில் செய்த பார்பிக்யூ கரிக்கட்டி வேண்டாம், அடுப்புச் சாம்பலும் வேண்டாம், சாம்பல் காரத்தன்மை உள்ளது. பெர்லைட் ஒரு கிலோ வாங்கினால் எட்டு, பத்து லிட்டர் வரும், கலக்கும் முன் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பெர்லைட் விலை கட்டுப்படி ஆகவில்லை என்றால் உடைத்த செங்கல் அல்லது ஓட்டுச்சில்லைக் கடலை அளவுக்குச் சலித்துப் போடலாம், தொட்டி கனக்கும், வேலை அதேதான் செய்யும்.

கலாத்தியா, பெரணி, பீஸ் லில்லிக்கு 4 மக் கோகோபீட், 2 மக் பெர்லைட், 1 மக் சிறிய மட்டைத் துண்டு, 1 மக் மண்புழு உரம். ஸ்நேக் பிளான்டுக்கும் இசட்.இசட்.க்கும் பாதிக்குப் பாதி கல், அதாவது 3 முதல் 5 மில்லிமீட்டர் ஜல்லிச் சிப்ஸ் அல்லது தூள் போகச் சலித்த பருமணல், மீதிப் பாதியில் கோகோபீட்டும் கொஞ்சம் உரமும். எம்-சாண்டை அப்படியே போட்டால் அதன் மாவு இறங்கி சிமென்ட் மாதிரி இறுகும், அலசித்தான் போட வேண்டும். கடற்கரை மணல் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். மணி பிளான்ட்டைப் பற்றித் தனியாக எழுதவில்லை, அது எதிலும் பிழைக்கும். மண்புழு உரத்தைப் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போடாதீர்கள், அதன் பொடித் துகள் காற்று போகும் வழியை அடைத்துவிடும். வேப்பம் புண்ணாக்கு மாடிக்குச் சரி, வீட்டுக்குள் ஈரத்தில் பூஞ்சை பிடித்து நாறும்.

கலவை சரியாக இருக்கிறதா என்று நடும் முன்பே அளந்து பார்க்க முடியும் என்பது எனக்குக் கிடைத்த மிகப் பெரிய நிம்மதி. ஒரு லிட்டர் பிளாஸ்டிக் டப்பா எடுத்து அடியில் ஓட்டைகள் போட்டு, ஓட்டைகளை வெளியிலிருந்து டேப்பால் அடையுங்கள். கலவையை வாய்வரை நிரப்பி, லேசாகத் தட்டி, தண்ணீரை மெதுவாக மேல்மட்டம் வரை ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள், இறங்கினால் மறுபடி நிரப்புங்கள். அப்புறம் டேப்பைக் கிழித்து, வடியும் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் பிடித்து அளந்து பாருங்கள். வடிந்து போன தண்ணீரின் இடத்தில் காற்று வந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். நான் வாங்கிய பாக்கெட் கலவையில் 80 மில்லிதான் வடிந்தது, அதாவது நூற்றுக்கு எட்டு. மரமேறிச் செடிகளுக்கான என் கலவையில் 300 மில்லி பக்கம் வடிகிறது. கலாத்தியாவுக்கு 150லிருந்து 200 வந்தால் எனக்குத் திருப்தி. பாக்கெட்டில் என்ன படம் போட்டிருந்தாலும் இந்த ஒரு எண் உண்மையைச் சொல்லிவிடும்.

நல்ல கலவை தயார் என்றவுடன் நர்சரிச் செடியை அப்படியே அதற்குள் இறக்கிவிடாதீர்கள். வெளியூர்களிலிருந்து லாரியில் வரும் செடிகள் பலவும், வழியில் வேர்ப்பந்து உடையாமலிருக்க, பிசுபிசுப்பான மண்ணில் கெட்டியாகப் பிடித்து வைத்து வருகின்றன. அந்த உருண்டையைச் சுற்றி காற்றோட்டமான கலவையைப் போட்டால் தண்ணீர் சுற்றியுள்ள கலவை வழியாக ஓடிவிடும், நடுவில் உள்ள களிமண் ஒன்று காய்ந்து பாறையாகும் அல்லது நனைந்தால் காயவே காயாது. வாளித் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக அந்த மண்ணைக் கரைத்து எடுங்கள், கொஞ்சம் வேர் அறும், பரவாயில்லை. இன்னொன்று, திசு வளர்ப்பில், அதாவது ஆய்வுக்கூடத்தில் செடியின் துணுக்கிலிருந்து வளர்த்து, வந்த செடிகளின் நடுவில் விரல் அளவு வலைப்பை ஒன்று இருக்கும், வேர் அதற்குள் நெருக்கிக்கொண்டு நிற்கும். என் அக்லோனிமா அந்த வலைப்பைக்குள்ளிருந்துதான் அழுகத் தொடங்கியிருந்தது. கத்தரியால் வலையைக் கீறிவிட்டு நடுங்கள். புதுத் தொட்டி வேர்ப்பந்தைவிட ஓரிரண்டு விரல்கடை அகலம் கூடினால் போதும், பெரிய தொட்டியில் வேர் எட்டாத இடத்தில் ஈரம் தேங்கிக்கொண்டே இருக்கும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கலவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் உப்புத் தண்ணீர் அதைக் கெடுத்துவிடும். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுங்கள் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். தரையில் நிற்கும் மரத்துக்கு வேண்டுமானால் சரி, தொட்டிச் செடிக்கு வேண்டாம், உப்பெல்லாம் செறிந்து வரும் தண்ணீர் அது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை, நான் கலாத்தியாவுக்குப் பிடித்து வைத்து அதைத்தான் ஊற்றுகிறேன். மாதம் ஒரு முறை தொட்டியை பாத்ரூமில் வைத்து, தொட்டி அளவைப்போல் இரண்டு, மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பை அலசி விடுங்கள். காற்றோட்டமான கலவையில் இதைப் பயமில்லாமல் செய்யலாம், செம்மண்ணில் செய்தால் செடி போய்விடும்.

பாக்கெட் கலவையோடு வந்த இன்னொரு தொல்லை, மூக்கருகே பறக்கும் குட்டிக் கறுப்பு ஈக்கள். ஈரமான மேல்மண்ணில் முட்டையிட்டு, புழு அங்கே மக்கும் பொருளையும் இளம் வேரையும் தின்னும். வீட்டில் எல்லோரும் எரிச்சலாகி, செடியையெல்லாம் தூக்கி எறி என்று சொல்லும் அளவுக்குப் போனது. மஞ்சள் ஒட்டு அட்டை பறப்பவற்றைப் பிடிக்கும், ஆனால் மேல் இரண்டு விரல் ஆழம் நன்றாக உலர்ந்தால்தான் வருவது நிற்கும். கலவையை மாற்றிய பிறகு எங்கள் வீட்டில் தானாகவே குறைந்து போனது.

இது நிரந்தர ஏற்பாடு இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மட்டைத் துண்டும் கோகோபீட்டும் நம் வெக்கையில் ஒன்றரை, இரண்டு வருஷத்தில் மக்கிப் பொடியாகும், தொட்டியில் மட்டம் இறங்கும், தண்ணீர் முன்னைவிட மெதுவாக வடியும். அப்போது மாற்ற வேண்டும். மாசி, பங்குனியில் மாற்றினால் புது வேர் வேகமாக இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நலமாக நிற்கும் செடியைக் கிளறாதீர்கள்.

இப்போதே உங்கள் செடி செம்மண்ணில் இருந்து, மழையும் தொடங்கிவிட்டது என்றால், முதலில் குச்சி வைத்துப் பாருங்கள். இலை நன்றாக நின்று, வாடையும் இல்லை என்றால் மாற்ற அவசரப்படாதீர்கள். தொட்டியைத் தட்டிலிருந்து எடுத்து இரண்டு செங்கல் மேல் வையுங்கள், அதே குச்சியால் மண்ணில் அடிவரை பத்துப் பன்னிரண்டு துளைகள் போடுங்கள், ஜன்னலுக்குப் பக்கத்தில் நகர்த்தி, பகலில் ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள், குச்சியின் அடி உலரும்வரை தண்ணீர் வேண்டாம். அழுகல் வாடை வந்துவிட்டால் மாசிவரை காத்திருக்க முடியாது. கழற்றி, கழுவி, கொழகொழத்த வேரையெல்லாம் ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால் நல்ல பகுதி தெரியும்வரை வெட்டி, மிஞ்சியதைச் சிறிய தொட்டியில் வெறும் பெர்லைட்டில் நடுங்கள். உரம் போடாதீர்கள். இலைகள் நிறைய இருந்து வேர் கொஞ்சம்தான் என்றால் பாதி இலைகளை எடுத்துவிடுங்கள். என் மான்ஸ்டெரா இப்படித்தான் ஒரு கணுவும் ஒரு இலையுமாகப் பிழைத்தது, பெர்லைட்டில் வெள்ளை வேர் விரல் நீளம் வந்த பிறகு மேலே சொன்ன கலவைக்கு மாற்றினேன்.